சிஐஎஸ்எஸ்பி, சிஐஎஸ்ஏ அனுபவச் சரிபார்ப்பு: நீலகிரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு எப்படி?

தேர்வில் தேறிவிட்டு மலை ஏறிய பிறகுதான் பலருக்கும் உறைக்கிறது, கையில் இருப்பது சான்றிதழ் இல்லை, தேறிய விவரம் அச்சடித்த ஒற்றைத் தாள் என்று. தகவல் பாதுகாப்புத் துறையில் மதிப்புள்ள சிஐஎஸ்எஸ்பி (பொதுவான தகவல் பாதுகாப்பு), சிஐஎஸ்ஏ (தகவல் அமைப்புகளின் ஆடிட்), சிஐஎஸ்எம் (தகவல் பாதுகாப்பு நிர்வாகம்) சான்றிதழ்கள் மூன்றிலுமே தேர்வு பாதிக் கிணறுதான். மீதிப் பாதி, இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தேன் என்று காகிதத்தில் நிறுவுவது. அந்த மீதியைச் சரிபார்க்கும் இரண்டு சேவைகளை இங்கே எடை போடலாம். ஒன்று, சிஐஎஸ்எஸ்பி தரும் ஐஎஸ்சி2 அமைப்பின் எண்டார்ஸ்மென்ட், அதாவது நீங்கள் காட்டும் அனுபவம் உண்மை என்று இன்னொருவர் உறுதிசெய்யும் நடைமுறை. இன்னொன்று, மற்ற இரண்டையும் தரும் ஐசாக்காவின் விண்ணப்பப் பரிசீலனை. பார்ப்பது ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து.

மலைக்கென்று தனியாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருப்பவருக்குப் பதவிப் பெயரே செக்யூரிட்டி அனலிஸ்ட். இங்கே வேலை தருவது ஆஸ்பத்திரி, விடுதிப் பள்ளி, தேயிலைத் தொழிற்சாலை, ரிசார்ட், கூட்டுறவுச் சங்கம். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், 'சிஸ்டம் அட்மின்'. ஃபயர்வாலும் அவர்தான், பிரின்டரில் சிக்கிய தாளை உருவுவதும் அவர்தான். பதவிப் பெயரில் செக்யூரிட்டி என்று போட்டால் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் என்று நினைத்துக்கொள்வார்கள். வேலை உண்மையில் நடந்திருக்கும், ஆனால் அதைச் சொல்லும் காகிதம் ஒன்றும் இருக்காது. இரண்டு சேவைகளும் பார்க்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

முதலில் கணக்கு. சிஐஎஸ்எஸ்பிக்கு ஐந்து வருட முழுநேர அனுபவம் வேண்டும். அது எட்டு டொமைன்களில், அதாவது தேர்வின் பாடப் பிரிவுகளில், குறைந்தது இரண்டில் வர வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி அல்லது அதை ஒட்டிய பாடத்தில் பட்டம் இருந்தால் அந்த ஐந்தில் ஒரு வருடம் கழியும். ஐஎஸ்சி2 ஏற்கும் வேறு சான்றிதழ் இருந்தாலும் ஒரு வருடம் கழியும். இரண்டும் இருந்தாலும் கழிவது ஒரே வருடம்தான். இரண்டு கழியும் என்று நம்பி விண்ணப்பம் போட்டு, கடைசியில் பத்துப் பன்னிரண்டு மாதம் துண்டு விழுந்து நிற்பவர்கள் உண்டு. சிஐஎஸ்ஏவுக்கும் ஐந்து வருடம்தான், ஆனால் ஆடிட், கன்ட்ரோல், அஷ்யூரன்ஸ், செக்யூரிட்டி எதுவாக இருந்தாலும் சேரும். படிப்பையும் மற்றதையும் காட்டி மூன்று வருடம் வரை கழிக்கலாம். சிஐஎஸ்எம்மில் கழிவு அதிகபட்சம் இரண்டு வருடம், அதிலும் ஒரு பொறி இருக்கிறது; பின்னால் வருகிறேன்.

ஐஎஸ்சி2வின் விதிகளில் மலைக்காரர்களுக்குக் கைகொடுப்பது பகுதிநேரக் கணக்கு. வாரம் 35 மணி நேரத்துக்குக் குறையாமல் நான்கு வாரம் வேலை பார்த்தால் ஒரு மாதம் முழுநேர அனுபவம். வாரம் 20 முதல் 34 மணி வரை என்றால் பகுதிநேரம்: 1040 மணி சேர்ந்தால் ஆறு மாதம், 2080 மணி சேர்ந்தால் ஒரு வருடம். வாரம் 20 மணிக்குக் கீழே போனால் கணக்கிலேயே வராது. இன்டர்ன்ஷிப் சேரும், சம்பளம் இல்லாமல் செய்ததும் சேரும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கல்லூரியிலேயே செய்திருந்தால் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத் தாளில், எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஊட்டி ஆஸ்பத்திரி ஒன்றில் 2018 ஜூன் முதல் 2020 மே வரை முழுநேரம்: 24 மாதம். அடுத்து தேயிலைக் கம்பெனி ஒன்றுக்கு வாரம் 24 மணி வீதம் 88 வாரம்: 2112 மணி, அதாவது 12 மாதம் போக 32 மணி மிச்சம். அதன் பிறகு வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு லாக் (கம்ப்யூட்டர்களின் நடவடிக்கைப் பதிவு) கண்காணிக்கும் வேலை ஒரு வருடம்: 12 மாதம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்கு 12 மாதம். கூட்டினால் சரியாக 60. இதில் 88 வாரம் என்பது ஏறத்தாழ இருபது மாத காலண்டர். அந்த இருபதையும் முழுநேரம் என்று போட்டால், தேதியையும் மணிக்கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முதல் ஆளிடமே மாட்டிக்கொள்வீர்கள். எல்லைக்கோட்டில் 60 வைத்துக்கொண்டு போவதும் நல்லதில்லை. ஏதோ ஒரு வேலையில் இரண்டு மாதத்தை ஏற்காமல் விட்டால் மொத்தமும் நின்றுவிடும். மூன்று நான்கு மாதம் கூடுதலாக இருக்கும்போது விண்ணப்பிப்பதுதான் புத்தி.

அந்த ஆஸ்பத்திரி 24 மாதத்திலேயே சிலருக்கு உறுத்தல் வரும், வரவும் வேண்டும். நாள் முழுக்கப் பிரின்டரும் மானிட்டரும் மாற்றிக்கொண்டிருந்துவிட்டு முழுநேரப் பாதுகாப்பு அனுபவம் என்று சொல்ல முடியாது. என் தீர்ப்பு இது: சராசரியாக ஒரு வாரத்தை எடுத்து, எந்த வேலைக்கு எத்தனை மணி என்று எழுதிப் பாருங்கள். டொமைன்களுக்குள் வரும் வேலை 35 மணியைத் தொட்டால் முழுநேரம். 22, 25 என்று வந்தால் பகுதிநேரக் கணக்கில் போடுங்கள். பத்து மணிதான் வருகிறது என்றால் அந்த வேலையை அனுபவமாகக் காட்டாதீர்கள். இப்படி நேர்மையாகப் போட்ட கணக்கு, விண்ணப்பத்தை ஆடிட்டுக்கு எடுத்துத் துருவினாலும் ஆட்டம் காணாது.

அதே சமயம், எது டொமைனுக்குள் வரும் என்பதை மலைக்காரர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ரிசார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே சீசனுக்கு முப்பது நாற்பது தற்காலிக ஆட்கள் வருவார்கள், ஜூன் பிறந்தால் போய்விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் புக்கிங் சாஃப்ட்வேரில் யூசர் ஐடி திறப்பது, பில்லைத் திருத்தும் உரிமையை யாருக்குத் தருவது என்று முடிவெடுப்பது, போனவர் ஐடியை அன்றைக்கே மூடுவது, மாதம் ஒருமுறை பட்டியலைச் சரிபார்ப்பது: இது முழுக்க முழுக்க அடையாள, அணுகல் மேலாண்மை டொமைன். விருந்தினர் வைஃபையையும் கார்டு மெஷின் ஓடும் நெட்வொர்க்கையும் விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் முறை) போட்டுப் பிரித்தால் அது நெட்வொர்க் பாதுகாப்பு. ஆக, ஒரே ரிசார்ட்டில் இரண்டு டொமைன் வந்துவிட்டது.

தேயிலைத் தொழிற்சாலையிலும் விவசாயிகளிடமிருந்து இலை வாங்கிய எடைக் கணக்கு, ஏல லாட் விவரம், பணப் பட்டுவாடா எல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து, மேட்டுப்பாளையம் ரோட்டோரம் போகும் கேபிள் அறுந்தால் லைன் படுத்துவிடும். அதற்காக 4ஜி மாற்று இணைப்பு வைத்து, மாதம் ஒருமுறை வேண்டுமென்றே மெயின் லைனைக் கழற்றிச் சோதித்து, எத்தனை நிமிடத்தில் மாறியது என்று எழுதி வைத்திருந்தால் அது பேரிடர் மீட்பு. செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் டொமைனில் நேராக உட்காரும். எந்தக் கணக்கு நின்றால் எத்தனை மணி நேரத்தில் நஷ்டம் தொடங்கும் என்று முதலாளியோடு உட்கார்ந்து வரிசைப்படுத்தியிருந்தால் அது பிசினஸ் இம்பாக்ட் அனாலிசிஸ். முதல் டொமைனான செக்யூரிட்டி அண்ட் ரிஸ்க் மேனேஜ்மென்டில் சேரும். சமவெளிக்காரர்கள் புத்தகத்தில் படிப்பதை இங்கே மழைக்காலம் வருடா வருடம் செய்ய வைக்கிறது. எழுதி வைக்காமல் விடுவதுதான் குறை.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) வெளியிட்ட உத்தரவையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சர்வர் கடிகாரங்களை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு பொருத்த வேண்டும் என்கிறது அது. உங்கள் நிறுவனத்தில் இதைச் செயல்படுத்தியவர் நீங்கள் என்றால், எந்தத் தேதியில் தொடங்கி என்ன செய்தீர்கள் என்பது தெளிவான அனுபவச் சான்று. வெளிநாட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் பார்ப்பவருக்கும் சட்டக் கட்டாயத்தில் நடந்த வேலை என்பது உடனே புரியும்.

இனி லெட்டர். மலையில் வழக்கமாகக் கிடைக்கும் அனுபவச் சான்று இப்படி இருக்கும்: 'இவர் 2018 முதல் 2020 வரை எங்களிடம் கம்ப்யூட்டர் பிரிவில் பணியாற்றினார். நடத்தை நன்று. எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.' கீழே ஒரு கையெழுத்து, அதன் மேலேயே ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப், பெயர் படிக்க முடியாது. வாழ்த்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மாதம் இல்லை, நாள் இல்லை, முழுநேரமா என்று இல்லை, என்ன செய்தார் என்று இல்லை, கையெழுத்துப் போட்டவர் யார் என்றும் இல்லை.

வேண்டியது இது. லெட்டர்ஹெட்டில், முகவரியும் தொலைபேசியும் அலுவலக மின்னஞ்சலும் தெரிய வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, நாளோடு. பதவிப் பெயர். வாரம் எத்தனை மணி. அதன் கீழே ஐந்தாறு வரியில் வேலை. 'நெட்வொர்க் பார்த்துக்கொண்டார்' என்று எழுதினால் வீண். 'மூன்று கட்டிடங்களை இணைக்கும் நெட்வொர்க்கில் ஃபயர்வால் விதிகளை எழுதி, காலாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்து, தேவையற்றவற்றை நீக்கினார். 120 பயனர்களின் அணுகல் உரிமைகளை வழங்கி, விலகியவர்களின் உரிமைகளை அன்றே நீக்கினார். தினசரி பேக்கப்பை நடத்தி, மாதம் ஒருமுறை மீட்டுச் சோதித்தார்' என்று எழுதினால் படிப்பவர் டொமைனைத் தானே குறித்துக்கொள்வார். என்ன செய்தார் என்ற வினைச்சொல், எவ்வளவு பெரியது என்ற எண், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது, மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். டொமைன் பெயர்களையே லெட்டரில் அப்படியே காப்பி அடிக்கச் சொல்லாதீர்கள். ஐடி தெரியாத எஸ்டேட் மேனேஜர் எட்டு டொமைன் பெயரையும் பிழையில்லாமல் எழுதியிருந்தால், யார் எழுதிக் கொடுத்தது என்று கேள்வி வரும்.

நீங்களே வரைவு எழுதிக் கொடுத்து, அவர் படித்துத் திருத்திக் கையெழுத்திடுவதில் தவறில்லை. நடைமுறையில் அப்படித்தான் நடக்கிறது. 'சார், இதில் நடக்காதது ஏதாவது இருந்தால் அடித்துவிடுங்கள்' என்று சொல்லியே கொடுங்கள். கையெழுத்துக்குக் கீழே பெயர், பதவி, போன் நம்பர் டைப் செய்திருக்கட்டும். ஸ்டாம்ப் பக்கத்தில் விழட்டும், கையெழுத்தின் மேல் வேண்டாம்.

சம்பளம் கோயம்புத்தூர் ஏஜென்சி மூலம், வேலை குன்னூர் ஆஸ்பத்திரியில் என்று இருப்பவர்கள் நிறைய. இவர்களுக்கு ஒரே லெட்டரில் எல்லாம் வராது. தேதிக்கும் சம்பளத்துக்கும் ஏஜென்சி லெட்டர், என்ன வேலை என்பதற்கு ஆஸ்பத்திரியில் உங்களை மேய்த்தவரின் லெட்டர், இரண்டும் வேண்டும். துணைக்கு பிஎஃப் பாஸ்புக், ஃபார்ம் 16, சேர்ந்தபோது கொடுத்த ஆஃபர் லெட்டர். பெரிய கம்பெனிகளில் ஹெச்ஆர் தேதியையும் பதவியையும் தவிர ஒரு வரி கூட எழுத மாட்டார்கள், அது அவர்கள் பாலிசி. அங்கே மேலாளரிடம் தனியாக ஒரு விளக்கம் வாங்கி ஹெச்ஆர் லெட்டரோடு இணைப்பதுதான் வழி. எதுவானாலும் வேலையை விடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ரிசார்ட் கைமாறிவிடும், மேனேஜர் வேறு மாநிலம் போய்விடுவார், பழைய மின்னஞ்சல் முகவரி செத்துவிடும்.

பெயரையும் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் தொல்லை தரும். ஆதாரில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பட்டத்தில் இனிஷியல் பின்னால். தேர்வு மையத்தில் பதிவுப் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். கட்டிய பணமும் போகும். கணக்கு தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பதிந்து, லெட்டர்களிலும் அதே வடிவத்தைக் கேளுங்கள்.

இப்போது ஐஎஸ்சி2 சேவை. தேறிய பிறகு ஒன்பது மாதத்துக்குள் எண்டார்ஸ்மென்ட் விண்ணப்பத்தை முடிக்க வேண்டும். இணையத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, ஒவ்வொரு வேலையையும் தேதியோடு பதிந்து, எந்த டொமைன் என்று காட்டி, சான்றுகளை ஏற்ற வேண்டும். பிறகு ஏற்கெனவே ஐஎஸ்சி2 சான்றிதழ் பெற்று உறுப்பினராக நீடிக்கும் ஒருவர், நீங்கள் சொல்வது தனக்குத் தெரிந்தவரை உண்மை என்று உறுதிசெய்ய வேண்டும். அவர்தான் எண்டார்சர். படிவம் எளிமையானது, குழப்பம் இல்லை. நான்கு முதல் ஆறு வாரத்தில் பதில் வரும். சில விண்ணப்பங்களைக் குலுக்கல் முறையில் ஆடிட்டுக்கு எடுப்பார்கள். அதில் விழுந்தால் மேலே சொன்ன லெட்டர்கள்தான் காப்பாற்றும்.

மலையில் சிக்கல் எண்டார்சர்தான். சிஐஎஸ்எஸ்பி வைத்திருப்பவர்கள் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான் கண்ணில் படுவார்கள். உங்களோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை. பழைய சீனியர், பெங்களூர் கம்பெனியின் டீம் லீட், தொழில்முறைக் கூட்டங்களில் அறிமுகமானவர் யாராக இருந்தாலும் சரி. ஆனால் அறிமுகம் மட்டும் போதாது, அவர் உங்கள் காகிதங்களைப் பார்த்திருக்க வேண்டும். 'சார், ஒரு கிளிக் பண்ணிவிடுங்க' என்று கேட்பது மரியாதை இல்லை. அவருடைய சான்றிதழைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்கள். லெட்டர்களை ஒரே பிடிஎஃப்பாக அனுப்பி, போனில் இருபது நிமிடம் பேசி, அவர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

யாருமே இல்லை என்றால் ஐஎஸ்சி2வையே எண்டார்சராக இருக்கச் சொல்லலாம். இந்த வசதி இல்லாவிட்டால் மலைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். சான்று முழுமையாக வேண்டும், காத்திருப்பும் கூடலாம். ஆனாலும் அரைகுறை அறிமுகமுள்ள எண்டார்சரைத் துரத்துவதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன்.

அனுபவம் போதவில்லை என்றால் அசோசியேட் ஆஃப் ஐஎஸ்சி2 என்ற நிலையில் நிற்கலாம். ஐந்து வருடத்தைச் சேர்க்க ஆறு வருடம் தருகிறார்கள். வருடக் கட்டணம் 50 டாலர், வருடத்துக்கு 15 சிபிஇ (தொடர் கல்வி) புள்ளி. அந்தக் காலத்தில் பெயருக்குப் பின்னால் சிஐஎஸ்எஸ்பி என்று போட்டுக்கொள்ளக் கூடாது. 'சிஐஎஸ்எஸ்பி அசோசியேட்' என்றும் போடக் கூடாது. ரெஸ்யூமேயில் நிறைய பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். ஆறு வருடம் என்பது தாராளமாகத் தெரியும், ஆனால் பகுதிநேர வேலையில் இருப்பவருக்கு அது இறுக்கம். வாரம் 24 மணியில் ஒரு வருட அனுபவம் சேர 87 வாரம் ஆகும்; ஐந்து வருடத்துக்கு எட்டு வருடத்துக்கு மேல். பட்டக் கழிவு போக நான்கு என்றாலும் ஆறு வருடத்தைத் தாண்டிவிடும். பகுதிநேர வேலை மட்டுமே இருந்தால் முதலில் ஒரு வருட அனுபவம் கேட்கும் எஸ்எஸ்சிபி, அல்லது அனுபவமே கேட்காத சிசி (இரண்டும் ஐஎஸ்சி2 தருபவை), காம்ப்டியா அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ் என்று சிறிய சான்றிதழ்களுக்குப் போவது நல்லது.

சிஐஎஸ்எஸ்பி தேர்வுக்கு 749 டாலர், எண்டார்ஸ்மென்ட் முடிந்ததும் முதல் வருடக் கட்டணம் 135 டாலர். ரூபாயில் தேர்வு மட்டுமே அறுபதாயிரத்தைத் தாண்டும். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்துக்கு மலையிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். குன்னூர் ரோட்டில் சரிவு என்றால் கோத்தகிரி ரோடு இருக்கிறது, ஆனால் எல்லா வண்டியும் அங்கே திரும்பிவிடும். கூடலூர் வழியாக மைசூர், பெங்களூர் போகிறவர்கள் பந்திப்பூர் காட்டு ரோடு இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். காலை எட்டு மணி தேர்வுக்கு விடிகாலையில் கிளம்பிப் பெங்களூர் சேர முடியாது. மொத்தத்தில் ஐஎஸ்சி2வுக்கு ஐந்துக்கு நான்கு. அரை மதிப்பெண் தேர்வு மையத்துக்கும் அரை மதிப்பெண் காத்திருப்புக்கும் குறைத்தேன்.

ஐசாக்காவில் எண்டார்சர் என்று ஒருவர் தேவையில்லை. வேலையைப் பார்த்தவரே உறுதிசெய்தால் போதும். மலைக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் யார் உறுதிசெய்யலாம் என்பதில் கறார். நேரடி மேலதிகாரி, அல்லது நிறுவனத்தில் அவருக்கும் மேலே இருப்பவர். சொந்தக்காரர் கூடாது, ஹெச்ஆர் கூடாது. குடும்ப நிர்வாகத்தில் நடக்கும் எஸ்டேட்டுகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் சித்தப்பாவே முதலாளி என்றால் வழி அடைபட்டுவிடும். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு, வேலையை நன்றாக அறிந்த வாடிக்கையாளர் கையெழுத்திடலாம். அதனால் ஆலோசகராக வேலை பார்ப்பவர்கள் ஒப்பந்தத்தையும் இன்வாய்ஸையும் பத்திரப்படுத்துங்கள்.

காலக்கெடு வேறு மாதிரி. தேறிய ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காட்டும் அனுபவம் விண்ணப்பத்துக்கு முந்தைய பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஐஎஸ்சி2வின் ஒன்பது மாதத்தைவிட மூச்சுவிட இடம் அதிகம். விண்ணப்பக் கட்டணம் தனியாக 50 டாலர். தேர்வுக் கட்டணம் உறுப்பினருக்கு 575, மற்றவர்களுக்கு 760.

சிஐஎஸ்எம்மின் பொறி இதுதான். ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது தகவல் பாதுகாப்பை நிர்வகித்த அனுபவமாக இருக்க வேண்டும், அதுவும் தேர்வின் நான்கு பகுதிகளில் மூன்றிலாவது. இந்த மூன்று வருடத்தைக் கழிக்க வழியில்லை. விசிட்டிங் கார்டில் 'ஐடி மேனேஜர்' என்று இருப்பதை வைத்து விண்ணப்பிக்காதீர்கள். ஒற்றை ஆள் துறையில் மேனேஜர் என்பது மரியாதைக்குக் கொடுத்த பெயராக இருக்கலாம். பாதுகாப்புக் கொள்கையை எழுதி நிர்வாகத்தின் ஒப்புதல் வாங்கினீர்களா, ரிஸ்க் ரெஜிஸ்டர் (ஆபத்துகளின் பட்டியல்) வைத்திருக்கிறீர்களா, பட்ஜெட் கேட்டு வாங்கினீர்களா, ஒரு ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும்) தாக்குதல் வந்தபோது யார் என்ன செய்ய வேண்டும் என்று நடத்தியவர் நீங்களா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் கீழே ஆளே இல்லாவிட்டாலும் அது நிர்வாகம். இல்லை என்றால் முதலில் சிஐஎஸ்ஏவோ சிஐஎஸ்எஸ்பியோ எடுங்கள். கையில் அது இருந்தால் சிஐஎஸ்எம்மில் இரண்டு வருடம் கழியும் என்பது கூடுதல் லாபம்.

ஐசாக்கா தேர்வை வீட்டிலிருந்தே கண்காணிப்பில் எழுதலாம். மலைக்கு வரம் போலத் தெரியும், ஆனால் நான்கு மணி நேரம் கரன்டும் லைனும் விடாமல் இருக்க வேண்டும். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனி யுபிஎஸ் இல்லாமல் உட்காராதீர்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரூட்டர் ஓடாது. தகரக் கூரையில் குரங்கு ஓடினால் கண்காணிப்பாளர் என்ன சத்தம் என்று கேட்கக்கூடும், கான்கிரீட் கூரையுள்ள அறையாகப் பாருங்கள். ஜூலைத் தென்மேற்கு மழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் இந்தத் தேர்வை வீட்டில் எழுத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஐசாக்காவுக்கு ஐந்துக்கு நான்கரை.

எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழான சிஇஹெச் பற்றி இரண்டு வரி. அதிகாரபூர்வப் பயிற்சி எடுக்காமல் நேராகத் தேர்வுக்குப் போக இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும், விண்ணப்பத்துக்கு 100 டாலர், நிராகரித்தாலும் திரும்ப வராது. லெட்டர் தயாராகும் முன் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

டெலிகிராமில் 'எண்டார்ஸ்மென்ட் உத்தரவாதம்', 'எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கிடைக்கும்' என்று விற்கிறார்கள். பொய் அனுபவம் காட்டுவது ஐஎஸ்சி2 நெறிமுறை விதிகளை நேராக மீறுவது. சான்றிதழை எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம், கூடவே கையெழுத்துப் போட்டவருடையதையும்.

பணம் கட்டும் அன்று கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பாருங்கள்; ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதுக் கார்டுகளில் அது மூடியே வரும். வருடக் கட்டணத்தைத் தானாகக் கழிய விடாமல் நாளைக் குறித்துவைத்துக் கையாலேயே கட்டுவது நிம்மதி. லெட்டர்கள் கைக்கு வந்த அன்றே 300 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். மரப் பீரோவில் வைத்த காகிதத்தை ஆறு மாதம் கழித்து எடுத்தால் பூஞ்சை பிடித்து, ஸ்டாம்ப் மை அடுத்த தாளில் ஒட்டியிருக்கும். கோத்தகிரி ஈரத்தில் இது சகஜம். மூலத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கூடவே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம்.